நுழைவுச்சீட்டு இல்லாத மலை

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மொஹாவே பாலைவனமும் கொலராடோ பாலைவனமும் ஒன்றையொன்று தொடும் பகுதியில், தனிமனிதர்கள் தங்கள் கையாலேயே எழுப்பிய விசித்திரங்கள் பல நிற்கின்றன. பல நிறங்களில் பெயின்ட் பூசிய ஒரு களிமண் மலை. சிமென்டில் செய்த இயேசுவும் சீடர்களும் நிற்கும் ஒரு குன்று. வயிற்றுக்குள் கடை வைத்திருக்கும் ஒரு டைனோசர். வெள்ளிக் கிரகத்தவர் வழிகாட்டியதாகச் சொல்லிக் கட்டப்பட்ட ஒரு மரக் குவிமாடம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தோ சான் டியேகோவிலிருந்தோ சனிக்கிழமை காலை குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஞாயிறு இரவுக்குள் இவற்றில் மூன்று நான்கைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். பெட்ரோல், வீட்டிலேயே கட்டிய சாப்பாடு, நிறையத் தண்ணீர்: செலவு ஏறக்குறைய அவ்வளவுதான். கூட்டரசின் பொது நிலங்கள் பலவற்றில் 14 நாள்வரை காசில்லாமல் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்பதால் அறை வாடகையும் மிச்சம்.

இவற்றைக் கட்டியவர்களில் பலர் கடவுளுக்காகக் கட்டினார்கள், அல்லது கடவுளின் இடத்தில் வைத்த வேறொன்றுக்காகக் கட்டினார்கள். பார்க்க வருகிறவர்களோ பொழுதுபோக்க வருகிறார்கள். ஒருவர் வழிபாடாகச் செய்ததை இன்னொருவர் வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போவது சரிதானா? ஒரு விலையும் கொடுக்காமல் பெறுகிற காட்சி, பெறுகிறவரிடம் ஏதாவது மிச்சம் வைக்குமா? சமயச் சிந்தனை இந்த இரண்டு கேள்விகளையும் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வந்திருக்கிறது. கார்தான் புதிது.

விவிலிய மரபில் பாலைவனம் வெறும் நிலப்பரப்பாக ஒருபோதும் இருந்ததில்லை. மோசே ஓரேப் மலையடியில் எரியும் புதரைக் கண்டது அங்கேதான். எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் 40 ஆண்டுகள் அலைந்ததும், இயேசு 40 நாள் உண்ணாமல் இருந்ததும் அங்கேதான். வெளியேறிய அந்தக் கதைக்குத் தமிழில் யாத்திராகமம் என்று பெயர் வைத்த பழைய மொழிபெயர்ப்பாளர்கள், வெளியேறுவதைவிடப் போய்க்கொண்டிருப்பதையே முக்கியமாகக் கருதினார்கள் போலும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குத் துறவிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களுக்கு முன்னோடி 356இல் இறந்த அந்தோணியார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை வனத்து அந்தோணியார் என்பார்கள்.

அந்தோணியார் பாழடைந்த கோட்டை ஒன்றுக்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியே அடைந்து கிடந்தார். கடைசியில், அவரைப் பார்த்தே தீருவது என்று வந்தவர்கள் கதவைப் பெயர்த்துவிட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் சொல்கிறார். பிறகு அவர் செங்கடல் பக்கம் இன்னும் உள்ளே போனார். கூட்டம் அங்கேயும் வந்தது. தனிமையைத் தேடிப் போனவரைத் தேடிக்கொண்டு ஊர் வருவது பாலைவனச் சமயத்தின் மாறாத வழக்கம்.

சிரியாவின் அலெப்போவுக்கு அருகே வாழ்ந்த சிமியோன் இதில் உச்சம். தொட்டுப் பார்க்க நெருக்கிய கூட்டத்திடமிருந்து தப்ப அவர் ஒரு தூணின்மேல் ஏறினார். தூண் மேலும் மேலும் உயர்த்தப்பட்டது. 459இல் இறக்கும்வரை, 36, 37 ஆண்டுகள் அவர் கீழே இறங்கவில்லை. பாரசீகத்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள் என்று அவர் காலத்து ஆயர் தியோதொரேட் எழுதியிருக்கிறார். ரோமாபுரியின் பட்டறை வாசல்களில் சிமியோனின் சிறிய உருவங்கள் வைக்கப்பட்டிருந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். நினைவுப்பொருள் வியாபாரம் நெடுஞ்சாலைக் கடைகளோடு தொடங்கியது என்று நினைப்பவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். தூணின்மேல் நின்ற மனிதரைப் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் பக்தியோடு போனார்கள், எத்தனை பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க மட்டும் போனார்கள் என்று அன்றைக்கும் யாரும் பிரித்து எண்ணவில்லை.

கலிபோர்னியப் பாலைவனத்தில் சிமியோனுக்கு மிக நெருங்கிய உறவினர் லியனார்ட் நைட். 1931இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது, கிடைத்த கூலி வேலைகளைச் செய்வது என்று காலம் கழித்தவர். 1967இல் சான் டியேகோவில் இருந்த சகோதரியைப் பார்க்கப் போனபோது, தன் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து மனந்திரும்புதலின் ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே செய்திதான்: கடவுள் என்பது அன்பு. சபைகள் இதைத் தேவையில்லாமல் சிக்கலாக்கிவிட்டன என்பது அவர் கருத்து. எந்தச் சபையிலும் அவர் நிலைக்கவில்லை.

அந்தச் செய்தியை எழுதிய வெப்பக்காற்று பலூன் ஒன்றை வானில் பறக்கவிட அவர் பல ஆண்டுகள் முயன்றார். துணி இற்றுப்போனது. 1984இல் நைலாண்ட் என்ற சிற்றூருக்குக் கிழக்கே உள்ள ஸ்லாப் சிட்டிக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலப் படைமுகாமைக் கலைத்தபோது விட்டுச் சென்ற சிமென்ட் தளங்கள்தான் அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தன. இன்றும் அங்கே குழாய்த் தண்ணீர் இல்லை, மின்கம்பி இல்லை, வாடகையும் இல்லை. ஒரு வாரம் தங்கிச் சின்ன நினைவுச்சின்னம் ஒன்று கட்டிவிட்டுப் போவதாக நைட்டின் திட்டம். அந்த ஒரு வாரம் 27 ஆண்டுகளாக நீண்டது.

சிமென்டில் மணலை அதிகமாகக் கலந்து அவர் எழுப்பிய முதல் மலை, சில ஆண்டுகளில் மொத்தமாகச் சரிந்தது. ஆள் யாரும் சாவதற்கு முன்பே அதன் பலவீனத்தைக் கடவுள் காட்டிவிட்டார் என்று நன்றி சொல்லிவிட்டு, அங்கேயே கிடைத்த களிமண்ணை வைக்கோலோடு குழைத்து மறுபடி தொடங்கினார். சால்வேஷன் மவுண்டன் என்ற பெயரில் இப்போது நிற்பது அந்த இரண்டாவது மலை. உயரம் சுமார் 50 அடி, உச்சியில் சிலுவை, நடுவில் சிவப்பு இதயம், அதற்குள் அவர் சொன்ன ஜெபம், சுற்றிலும் பூக்களும் நீல ஓடைகளும். பெயின்ட் எல்லாம் வந்தவர்கள் கொடுத்தது. அடிவாரத்தில் நிறுத்திய லாரியின் பின்பக்கமே அவருக்கு வீடு. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டுவார், அஞ்சலட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார், காசு கேட்க மாட்டார். 1994இல் மண்ணில் ஈயம் கலந்து நஞ்சாகிவிட்டது என்று சொல்லி இம்பீரியல் கவுண்டி நிர்வாகம் மலையை அப்புறப்படுத்த முனைந்தது. ஆதரவாளர்கள் தனியே மண் பரிசோதனை செய்வித்து, கையெழுத்து திரட்டி அதைத் தடுத்தார்கள். 2002இல் கலிபோர்னியாவின் செனட்டர் பார்பரா பாக்சர், நாட்டின் செல்வம் என்று அந்த மலையை அமெரிக்கக் காங்கிரஸின் பதிவேட்டில் ஏற்றினார். நைட் 2014 பிப்ரவரியில் இறந்தார்.

மற்றவர்களை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. யக்கா வேலி ஊரில் உள்ள கிறிஸ்துப் பூங்காவை வடித்த அன்டோன் மார்ட்டின், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தான் செய்த 10 அடி இயேசு சிலையைக் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நிறுத்த விரும்பினார். அரசு நிலத்தில் மதச்சின்னம் கூடாது என்பதால் இடம் கிடைக்கவில்லை. யாருக்கும் வேண்டாத அந்தச் சிலை 1951இல் இந்தக் குன்றுக்கு வந்தது. பத்தாண்டுகளில் அதைச் சுற்றி நாற்பதுக்கு மேற்பட்ட சிலைகள் எழுந்தன. கடைசி இராவுணவுக் காட்சியைச் சுவரோடு சுவராக வடித்தவர், இயேசுவின் பக்கத்தில் ஒரு சன்னலும் விட்டிருக்கிறார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி படம் எடுத்துக்கொள்ளலாம். பக்தியும் வேடிக்கையும் ஒரே சன்னலில் நிற்கும் இடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை. அந்தச் சன்னலைத் திறந்து வைத்தவரும் சிற்பியேதான். 1992இல் லேண்டர்ஸைத் தாக்கிய 7.3 அளவு நிலநடுக்கத்தில் பல சிலைகள் கையையும் தலையையும் இழந்தன.

அதே லேண்டர்ஸில்தான் ஜார்ஜ் வான் டாசலின் மரக் குவிமாடமான இன்டகிரட்ரான் உள்ளது. 1953இல் வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்த ஒருவர் தன்னைச் சந்தித்ததாகவும், உடலை இளமையாக்கும் கருவியின் நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்ததாகவும் அவர் கூறினார். மோசேயின் ஆசரிப்புக் கூடாரமும் தனக்கு முன்மாதிரி என்றார். 1978இல் இறந்தபோது கருவி முடிந்திருக்கவில்லை. கபஸோனில் உள்ள டைனோசர்களுக்கு ஆன்மிக நோக்கம் எதுவும் கிடையாது: கிளாட் பெல் என்பவர் 1964இல் தன் உணவகத்துக்கு ஆள் சேர்க்க 150 அடி நீளத்தில் முதல் மிருகத்தைக் கட்டத் தொடங்கினார். உள்ளே பரிணாமக் கோட்பாட்டின்படி ஓவியங்களும் இருந்தன. அவர் 1988இல் இறந்த பிறகு சொத்து கைமாறியது. புதிய உரிமையாளர்கள் அதே வயிற்றுக்குள், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததாகச் சொல்லும் காட்சிகளை வைத்தார்கள். ஆக, வியாபாரத்துக்குக் கட்டியது பிரசங்கமேடை ஆனது. பிரசங்கத்துக்குக் கட்டியது சுற்றுலாத்தலம் ஆனது. கட்டியவரின் நோக்கத்தை மட்டும் வைத்து ஓர் இடத்தைப் புனிதம், புனிதமல்ல என்று பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரே நெடுஞ்சாலை வலையில் இத்தனை சாட்சிகள்.

இனி, இந்தப் பயணங்களுக்கு எதிரான வாதம். இதை மிக வலுவாகச் சொன்னவர் ஆயர் அகுஸ்தீனார். சுமார் 400இல் எழுதி முடித்த தன் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், பார்க்க வேண்டும் என்கிற வெறும் ஆசையை அவர் ஒரு நோயாகவே வகைப்படுத்துகிறார். அழகானதை மட்டுமா கண் தேடுகிறது? சிதைந்த பிணத்தைக்கூடப் போய்ப் பார்க்கிறார்கள். இதில் இன்பம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளும் அரிப்பு மட்டுமே உண்டு. மனிதர்கள் மலைகளையும் கடல்களையும் வியக்கப் போகிறார்கள், தங்களை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு குறை. 1336இல் தென்பிரான்ஸின் வான்டூ மலையில் ஏறிய கவிஞர் பெட்ரார்க், உச்சியில் நின்றபடி அந்தப் பக்கத்தைத் திறக்க நேர்ந்து, வாயடைத்துக் கீழே இறங்கியதாக எழுதினார்.

யாத்திரையையே கேள்வி கேட்டவர்களும் உண்டு. நீசாவின் ஆயர் கிரகோரியார் ஒரு கடிதத்தில், எருசலேமுக்குப் போவது யாருக்கும் கடமை இல்லை என்றார். இடம் மாறுவதால் கடவுள் கிட்டே வந்துவிடமாட்டார். தன் ஊரில் இல்லாத தூய ஆவி எருசலேமில் மட்டும் நிறைந்திருக்கிறதா என்ன என்பது அவர் வாதம். அவர் தாமே எருசலேம் போய்வந்தவர், அதுவும் அரசாங்க வண்டியில். அறிவுரை அதனால் செல்லாமல் போய்விடாது. ஆனால் கொஞ்சம் புன்னகையோடு கேட்கலாம்.

மூன்றாவது எதிர்ப்பு நம் காலத்துக்கு நெருக்கமானது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் ‘மலிவான கிருபை’ என்ற கருத்தை முன்வைத்தார். மனம் மாறாமல் மன்னிப்பு, சீடத்துவம் இல்லாமல் கிருபை, சிலுவை இல்லாமல் கிருபை: சந்தைச் சரக்கைப் போலக் கொட்டிக் கொடுக்கப்படும் அருள் திருச்சபையின் கொடிய எதிரி என்றார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் சொன்ன சொல் என்பதால் இதற்குத் தனிக் கனம் உண்டு. குளிர்சாதனக் காரில் வந்து இறங்கி, அரை மணி நேரம் நின்று, படம் எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர் போய்ச் சேரும் குடும்பத்துக்கு நைட்டின் மலை மலிவான கிருபைதானே?

இந்த மூன்று வாதங்களில் முதலாவதற்கான பதில் அகுஸ்தீனாரிடமே இருக்கிறது. வழியில் ஒரு வயலைக் கடக்கும்போது நாய் முயலைத் துரத்தினால் தன் மனம் அங்கே போய்விடுகிறது என்றும், வீட்டில் பல்லி ஈ பிடிப்பதைக்கூடப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். பார்த்த பிறகு படைத்தவரைப் புகழ்கிறேன், ஆனால் பார்க்கத் தொடங்கியது அதற்காக அல்ல என்கிறார். அவர் இதைத் தன் குற்றமாகச் சொன்னார். கட்சி மாறிப் படித்தால் இது வாக்குமூலம் அல்ல, விளக்கம்: வேடிக்கையில் தொடங்கிய பார்வை வேறிடத்தில் போய் முடியலாம். தத்துவம் வியப்பில் பிறக்கிறது என்று பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் சொன்னதும் இதற்குத் தொலைவில் இல்லை. தொடங்கும் நோக்கம் தூய்மையாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தால் எந்தத் திருத்தலமும் தேறாது.

இரண்டாவதற்குப் பதில் சொல்ல யாத்திரைகளின் உண்மையான வரலாறே போதும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிலிருந்து சீனாய்வரை பயணம் செய்த எகேரியா என்ற பெண், தான் கண்டதை ஊரில் இருந்த சகோதரிகளுக்காக எழுதினார். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டவர். அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் அங்கே நடந்ததைச் சொல்லும் பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சீனாய் மலையில் இருந்த துறவிகள் தாங்கள் வளர்த்த பழங்களை அவருக்கு ஆசியாகக் கொடுத்தார்கள். நைட்டின் அஞ்சலட்டைக்கு முன்னோடி அந்தப் பழங்கள்.

குடும்பமாகப் போவதும் புதிதல்ல. லூக்கா நற்செய்தியில் 12 வயது இயேசு பாஸ்கா பண்டிகைக்குப் பெற்றோரோடு எருசலேம் போகிறார். திரும்பும்போது, பையன் உறவுக்காரர்களோடு வருகிறான் என்று நினைத்துக்கொண்டு பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். எந்தச் சுற்றுலாவிலும் நடப்பது இதுதான். யூதர்களின் கூடாரப் பண்டிகை இன்னும் ஒரு படி மேல்: பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து ஆண்டுதோறும் ஏழு நாள் தழைக் குடிலில் குடும்பமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைகளோடு வெளியே போய்க் கூடாரத்தில் தங்குவதை ஒரு மதம் கட்டளையாகவே விதித்திருக்கிறது. வாரக்கடைசி என்ற காலப்பகுதிக்கும் வேர் மதத்தில்தான். ஹென்ரி ஃபோர்டு 1926இல் தன் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வேலையைக் கொண்டுவந்தார். 1938இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் 1940 முதல் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற வரம்பை நிலைநாட்டியது. இப்படி விடுபட்ட இரண்டு நாள்களில் ஒன்று யூதரின் ஓய்வுநாள், மற்றது கிறிஸ்தவரின் ஞாயிறு. யூத மரபு இடத்தைவிடக் காலத்தையே புனிதமாக்கியது என்று யூத அறிஞர் ஆபிரகாம் ஹெஷல் 1951இல் வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால், அந்தக் குடும்பம் பாலைவனத்தை அடையும் முன்பே, வேலையை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறிய கணத்திலேயே, புனிதமான ஒன்றுக்குள் நுழைந்துவிடுகிறது. தெரிந்து நுழைகிறதா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது எதிர்ப்புதான் கடினமானது. அதற்கு இலவசம், மலிவு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிக்கு ‘விலையில்லா’ என்ற அடைமொழியைத் தேர்ந்தெடுத்தது. இலவசம் என்ற சொல் பெறுகிறவரைச் சிறுமைப்படுத்துகிறது என்ற உணர்வு அதன் பின்னால் இருந்தது. மலிவு என்பது விலை குறைவானது. விலையில்லாதது என்பது விலை வேறொருவரால் கொடுக்கப்பட்டுவிட்டது. போன்ஹோஃபர் சொன்னதும் அடியில் இதுவே: கிருபை மனிதருக்கு இலவசம், ஆனால் கடவுளுக்கு அது தன் மகனையே விலையாகக் கேட்டது, அதனால்தான் அது விலையுயர்ந்தது. சால்வேஷன் மவுண்டனில் சீட்டு கிழிப்பவர் இல்லை என்பது நிர்வாகக் குறைபாடு அல்ல. கடவுளின் அன்புக்குக் கட்டணம் இல்லை என்று சொல்ல வந்தவர் வாசலில் கட்டணம் வாங்கியிருந்தால் மலையில் எழுதிய எழுத்தெல்லாம் பொய்யாகியிருக்கும். 45 டிகிரி வெயிலில் 27 கோடைகள், லாரியின் பின்பக்கத்தில் படுக்கை, சரிந்த ஒரு மலை: விலையை அவர் கொடுத்துவிட்டார். கட்டணம் இல்லாமை அங்கே சலுகை அல்ல, கோட்பாடு.

இந்த அளவுகோலால் மற்ற இடங்களையும் பார்க்கலாம். இன்டகிரட்ரானில் இன்று படிகக் கிண்ணங்களை ஒலிக்கச் செய்து, படுத்தபடி கேட்கும் நிகழ்ச்சி நடக்கிறது. முன்பதிவும் கட்டணமும் உண்டு. அதில் தவறில்லை, கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் வேண்டும். ஆனால் அங்கே வருபவர் வாடிக்கையாளர், மலைக்கு வருபவர் விருந்தாளி. வாடிக்கையாளர் கொடுத்த காசுக்குச் சரியாகக் கிடைத்ததா என்று கணக்குப் பார்க்கலாம். விருந்தாளிக்கு அந்த வசதி இல்லை. வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பணமில்லாத குடும்பம்தான் இந்த இடங்களுக்கு மிகப் பொருத்தமான விருந்தாளி என்று சொன்னால் அது மிகையாகாது. குழந்தை பிறந்தபின் செலுத்தும் காணிக்கையில் ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் விதித்தது. மரியாவும் யோசேப்பும் செலுத்தியது அந்த ஏழைகளின் காணிக்கைதான்.

மதம் எதையும் பேசாத ஓர் இடத்திலும் இதே கொடை நடக்கிறது. ஜோஷுவா ட்ரீ ஊருக்கு வெளியே, 10 ஏக்கரில், நோவா பூரிஃபாய் என்ற கறுப்பினக் கலைஞர் 1989 முதல் 2004இல் இறக்கும்வரை குப்பையிலிருந்து சிற்பங்கள் செய்தார். பழைய கழிப்பறைக் கோப்பைகள், டயர்கள், கணினிப் பெட்டிகள், கருகிய மரம். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி எரிந்தபோது மிஞ்சிய இடிபாடுகளைப் பொறுக்கிக் கலையாக்கியதில் தொடங்கியது அவர் வேலை. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று எனப் பிரித்து வைத்திருந்த குடிநீர்க் குழாய்களை நினைவுபடுத்தும் சிற்பம் ஒன்று அங்கே உண்டு. கறுப்பருக்கு உரிய பக்கம் கழிப்பறைக் கோப்பை இருக்கிறது. கூட வந்த குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கும், ஏன் அப்படி என்று கேட்கும், பெற்றோர் பதில் சொல்லியாக வேண்டும். எகேரியா அந்தந்த இடத்தில் அந்தந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னதன் பயன் இதுவே. உள்ளே போகக் கட்டணம் இல்லை. வெயிலும் காற்றும் தன் படைப்புகளைச் சிதைப்பதையும் பூரிஃபாய் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார். சரிசெய்ய வேண்டும் என்று அவர் கவலைப்படவில்லை.

நைட்டின் மலைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. களிமண்ணும் பெயின்டும் ஒவ்வொரு மழைக்கும் கரைகின்றன, ஒவ்வொரு கோடைக்கும் வெடிக்கின்றன. அவர் முதியோர் இல்லத்துக்குப் போன 2011 முதல் ஓர் அறக்கட்டளையும் தன்னார்வலர்களும் அதைப் பூசிக்கொண்டே இருக்கிறார்கள். போகிறவர்கள் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையே போவது நல்லது. மழை பெய்த மறுநாள் ஏறக் கூடாது. மஞ்சள் பூசிய பாதையைவிட்டு விலகக் கூடாது. ஈயம் கலக்காத அக்ரிலிக் பெயின்ட் ஒரு டப்பா கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள்.